துருவ நட்சத்திரத்துக்குக் கீழே ஒரு தொட்டி

மாதா துணை

ஆம்பூர்,
பிப்ரவரி 15

அன்புள்ளவருக்கு,

பிரிசில்லா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் உங்கள் தம்பி கோபியும் சுகம். நீங்கள் கொடுத்தனுப்பிய காப்பிக்கொட்டை வந்தது. அத்தைக்கு அந்தக் கசப்பு பிடிக்கவில்லை. "இதையா தெனம் குடிக்கிறான், அதான் போட்டோல இளைச்சிருக்கான்" என்கிறார். உங்கள் கம்பெனி சத்தார் பாய் புதன்கிழமை எத்தியோப்பியாவுக்குத் திரும்புகிறாராம். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். நீங்கள் அங்கே ஆபீஸ் போனில் நாலு பேர் நடுவில் நின்று பேசுகிறீர்கள். சாப்பிட்டியா, தூங்கினியா என்பதற்குள் லைன் போய்விடுகிறது. கடிதம் என்றால்தான் எனக்குப் பேச வருகிறது.

முதலில் நல்ல சேதி. சிம்மத்தில் இருக்கும் மூன்று கேலக்ஸிகளையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டும் என்று கிளம்புகிற அன்று வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அதை நான் ஆரம்பித்துவிட்டேன். டெலஸ்கோப்பை விற்றுவிடலாமா என்று நீங்கள் கேட்டபோது வேண்டாம் என்றேன் அல்லவா, அப்போது உங்கள் பொருள் என்பதால் சொன்னேன். இப்போது எனக்காகச் சொல்வேன். ஷூ கம்பெனியில் பகல் முழுக்கக் குனிந்து தையலில் பிசிறு தேடிவிட்டு வருகிறவளுக்கு, அண்ணாந்து பார்க்க ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

இரண்டு கேலக்ஸிகள் எளிதாக விழுந்துவிட்டன, சின்னச் சின்னப் பஞ்சு மாதிரி. மூன்றாவது, பக்கவாட்டில் திரும்பிப் படுத்திருப்பது, கண்ணுக்கே வரவில்லை. நம் வீட்டுக்கு வடக்கே தோல் டேனரி ஷெட்டில் புதிதாகப் போட்ட விளக்குகள் வடக்கு வானத்தை வெளுத்து வைத்திருக்கின்றன. ஒன்றரை நிமிடப் படங்களாக எடுத்து, லேப்டாப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் இருட்டில் இருப்பது மெல்ல மேலே வரும் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். நிலா இல்லாத நாளெல்லாம் எடுத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்றும் நம் ஊருக்கு நேர் உச்சியில் வருகின்றன. டெலஸ்கோப் வாயைத் திறந்துகொண்டு ஆகாயத்தைப் பார்த்தபடி நிற்கிறது. "தண்ணிக்குத் தவிக்கிற மாதிரி நிக்குதே" என்றார் அத்தை.

இனி, மனதில் உறுத்துகிற விஷயம். மொட்டை மாடியில் ஸ்டாண்டை வைத்ததும் முதலில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத்தானே திருப்ப வேண்டும். நம் ஊரில் அது எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். டேனரியின் கூரைக்குச் சற்று மேலே. அதனால் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் டேனரியின் பின்பக்கத்தைத்தான் நான் பார்க்கிறேன். கல் பலகை போட்டு மூடிக் கிடந்த பழைய கழிவுத் தொட்டிக்கு இப்போது இரண்டு பைப்புகள் வந்திருக்கின்றன. ராத்திரியில் அதில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது. கோபியைக் கேட்டேன். ஆர்டர் ஜாஸ்தியாகிவிட்டது, கழிவை எடுத்துச் சுத்தம் பண்ணுகிற இடத்தில் இவ்வளவையும் வாங்குவதில்லை, அதனால் தற்காலிகமாக இதில் விடுகிறார்கள் என்றான். டேனரியில் சூப்பர்வைசர் ஆனதிலிருந்து அவன் கம்பெனியை விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

இந்த மாதம் பிறந்ததிலிருந்து அழுகின முட்டை வாடை. தோல் வாடையில் பிறந்து வளர்ந்த நமக்கே குமட்டுகிறது. அதோடு, மாடிப்படிக்குக் கீழே அறையில் வைத்திருக்கும் கேமரா கேபிளின் செம்பு முனைகள் கரியாகக் கறுத்துவிட்டன. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன். அடுத்த வாரமே மறுபடி கறுத்துவிட்டது. படத்தில் பெரிய நட்சத்திரங்களைச் சுற்றிப் புகை வளையம் மாதிரி ஏதோ விழுகிறது. பனி என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் ஓரத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

அத்தையின் ஜெபமாலையில் தொங்கும் வெள்ளிச் சிலுவையும் கறுத்துவிட்டது. இதை மட்டும் போனில் கேட்காதீர்கள். வீட்டுக்கு ஏதோ வரப்போகிறது என்று அவர் பயந்துபோய் இருக்கிறார். வெயிலுக்கு அப்படித்தான் ஆகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கண்ணாடி பழசாகிவிட்டதா, நான் துடைத்த விதம் தப்பா? உங்களுக்குத்தான் தெரியும். எழுதுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
பிரிசில்லா

*

மாதா துணை

ஆம்பூர்,
மார்ச் 11

அன்புள்ளவருக்கு,

லீவில் வந்த ஒருவர் சத்தார் பாய் வீட்டில் கொடுத்துவிட்டுப் போன உங்கள் கடிதத்தை நேற்று வாங்கி வந்தேன். பஸ்ஸிலேயே படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கண்ணாடியின் மேல் தப்பில்லை, காற்றின் மேல்தான் தப்பு என்று எழுதியிருந்தீர்கள். தோலில் முடி நீக்குகிற, சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரும், அடுத்து விடுகிற ஆசிட் தண்ணீரும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் அந்த முட்டை வாடை வாயு கிளம்பும், செம்பையும் வெள்ளியையும் கறுக்கவைப்பது அதுதான் என்று விளக்கியிருந்தீர்கள். கடைசியில் அடிக்கோடு போட்டிருந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வாடை அடிக்கிற வரைக்கும் பரவாயில்லை, வாடை நின்றுவிட்டால் பயப்படு, வாயு அதிகமானால் மூக்கு செத்துப்போகும் என்று.

என்னங்க, வாடை நின்றுவிட்டது.

எப்போது நின்றது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. போன வாரம் பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாம், அப்பாடா, ஒழிஞ்சது என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகு மாடிப்படி அறைக்குள் போய் நின்று பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை தேய்த்து வைத்த செம்பு முனை கறுப்பாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கண் எரிந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். டெலஸ்கோப்பை இப்போது மாடியிலேயே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அத்தையின் படுக்கையையும் தெற்குப் பக்கம் மாற்றிவிட்டேன். காலையில் எழுந்தால் தலைவலி என்கிறார். இருமலும் விடவில்லை.

நீங்கள் சொன்னதையெல்லாம் கோபியிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "அண்ணி, வாடையே இல்ல, இப்ப போயி வாயுன்றீங்க. அண்ணன் அங்க குந்திக்கினு இங்க இன்னா நடக்குதுன்னு சொல்லுதா?" என்றான். கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு முகம் கொஞ்சம் மாறியது. ரம்ஜானுக்கு டேனரி லீவு விடும்போது தொட்டியைக் காலி பண்ணப்போகிறார்களாம். அதன் பிறகு பிரச்சினை இருக்காது என்றான். யார் இறங்கிக் காலி பண்ணுவார்கள் என்று கேட்டேன். குடியாத்தத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார்களாம், இவனோ தபரேசோ மேலே நின்று பார்த்துக்கொண்டால் போதுமாம். தபரேஸ் கூட இருக்கிறான் என்றால் இவனுக்கு எதுவும் பெரிதில்லை. ஸ்கூலில் ஆரம்பித்த தோஸ்த்.

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் மேனேஜர் ஜெயப்பிரகாஷ் சாரை டேனரி வாசலில் பார்த்தேன். தொட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. "நம்ம ஜீவா சம்சாரம்தானே நீ? அங்கயும் நம்ம முதலாளி, இங்கயும் நம்ம முதலாளி. ஜீவா அங்க நல்லா பண்றான்னு கேள்விப்பட்டேன். நல்லபடியா இருக்கட்டும்மா" என்றார். நான் தொட்டியைப் பற்றிக் கேட்டேன், அவர் உங்களைப் பற்றிப் பதில் சொன்னார்.

படம் நன்றாகப் போகிறது. புகை வளையம் விழுந்த படங்களைத் தள்ளிவிட்டு மற்றவற்றை அடுக்கினேன். மூன்றாவது கேலக்ஸி இருக்கிற இடத்தில் கோடு மாதிரி ஒரு சாம்பல் நிறம் தெரிகிறது. என் கண்ணின் ஆசையா, உண்மையா என்று இன்னும் தெரியவில்லை.

தம்பிக்கு நீங்களே ஒரு முறை போன் பண்ணி, அந்தப் பக்கமே போகாதே என்று சொல்லுங்கள். நான் சொன்னால் அண்ணி பயப்படுகிறாள் என்று ஆகிவிடுகிறது.

உங்கள்
பிரிசில்லா

*

மாதா துணை

ஆம்பூர்,
மார்ச் 30

அன்புள்ளவருக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். கம்பெனி ஆள் யாரிடமும் இதைக் கொடுக்கவில்லை. தபரேஸ் மனைவி சகீனாவின் சித்தப்பா முக்தார் அகமது, அங்கே நீங்கள் இருக்கிற ஊரிலேயே வேறொரு டேனரியில் வேலை பார்க்கிறார். லீவில் வந்தவர் வெள்ளிக்கிழமை திரும்புகிறார். அவர் உங்கள் அறைக்கே வந்து கொடுப்பார்.

அன்றைக்கு நீங்கள் போன் பண்ணியபோது, டேனரியில் ஏதோ விபத்து, நாங்கள் எல்லாரும் நல்லா இருக்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு அப்படிப் பேசுகிற வழக்கம் இல்லையே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அப்போது நம் வீட்டு நாற்காலியில் ஜெயப்பிரகாஷ் சார் உட்கார்ந்திருந்தார்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ரம்ஜான் பிறை பார்க்கிற அன்று சாயங்காலம் தபரேஸ் மாடிக்கு வந்தான். மேற்கே மேகம், தெருவில் யாருக்கும் பிறை தெரியவில்லை. "அண்ணி, உங்க பீரங்கில பாத்துச் சொல்லுங்க" என்றான். மேகம் விலகிய இடத்தில் நூல் மாதிரி இருந்தது. அவனுக்குக் காட்டினேன். கண்ணை எடுக்கவே மாட்டேன் என்கிறான். பிறகு, நான் தேடிக்கொண்டிருக்கிற கேலக்ஸியை லேப்டாப்பில் காட்டச் சொன்னான். அது எவ்வளவு தூரம் என்று கேட்டான். சொன்னேன். "அவ்ளோ தூரத்துல இருக்கறத புடிக்கிறீங்க, பக்கத்துல இருக்கற பள்ளிவாசல் பிரியாணியக் கோட்டை வுட்றாதீங்க, நாளைக்கு நானே கொண்ணாறேன்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். மறுநாள் சொன்னபடி கொண்டு வந்தான். புதுச் சட்டை, அத்தை கையைப் பிடித்து சலாம் சொன்னான்.

அன்று சனிக்கிழமை. பொழுது சாயும்போது ஸ்டாண்டைத் துருவ நட்சத்திரத்துக்குத் திருப்ப மாடி ஏறினேன். டேனரியின் பின்பக்கம் கல் பலகைகளைக் கடப்பாரை போட்டு நகர்த்திவிட்டுப் போயிருந்தார்கள். ஆட்கள் இல்லை. தெரு நாய் ஒன்று மோப்பம் பிடித்துக்கொண்டு தொட்டி ஓரத்துக்குப் போனது. தலையைக் கீழே விட்டது. முன்னங்கால் மடங்கி அப்படியே படுத்துவிட்டது. எழுந்திருக்கும் எழுந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். இருட்டி, நட்சத்திரம் வந்துவிட்டது. அன்றைக்கு நான் ஒரு படமும் எடுக்கவில்லை. விடிந்து பார்த்தபோதும் நாய் அங்கேயே கிடந்தது.

கோபி மாடி அறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். நாயைக் காட்டினேன். "விஷம் வெச்சிருப்பாங்க அண்ணி. நான் எங்க எறங்கப் போறேன், மேலதான நிப்பேன்" என்றான். மேலே நிற்கிறவன்தான் அடுத்து இறங்குகிறவன் என்று எனக்கு அப்போது தோன்றியது. அவன் குணம் உங்களுக்குத் தெரியாதா? ஒருவன் விழுந்தால் பார்த்துக்கொண்டு நிற்பானா? நான் வெளியே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, பூட்டும் போட்டுவிட்டேன். முதலில் விளையாட்டு என்று நினைத்தான். அப்புறம் கதவை உதைத்தான். போன் கீழே சார்ஜில் கிடந்ததால் அத்தையைக் கூப்பிட்டான். அத்தையிடம் சாவியைக் கொடுக்காமல் நான் டேனரி வாசலுக்கு ஓடினேன்.

வாட்ச்மேன் உள்ளே விட்டார். குடியாத்தத்திலிருந்து வந்த இரண்டு பேர் தொட்டி ஓரத்தில் நின்றார்கள். மேனேஜர் சற்றுத் தள்ளி நிழலில் போனோடு இருந்தார். கோபி போனை எடுக்கவில்லை என்று தபரேசை வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் அப்போதுதான் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தான். நான் மேனேஜரிடம் போய், நாய் செத்துக் கிடக்கிறது, யாரையும் இறக்காதீர்கள், தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடுங்கள் என்றேன். "ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போகாம இங்க இன்னாம்மா பண்றே" என்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "எறங்குப்பா, நாளைக்கு செக்கிங் வர்றாங்க" என்று அந்த இரண்டு பேரில் ஒருவரிடம் சொன்னார். என் காதால் கேட்டேன்.

அந்த ஆள் ஏணியில் நாலு படி இறங்கியிருப்பார். கையை விட்டுவிட்டார். சத்தம்கூடப் போடவில்லை. விளக்கை அணைத்த மாதிரி இருந்தது. கூட வந்தவர் அலறிக்கொண்டு பின்னால் ஓடினார். தபரேஸ் முன்னால் ஓடினான். "இறங்காதப்பா, தபரேஸ், இறங்காத" என்று கத்தினேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "தூக்கி வுட்டு வந்துர்றேன் அண்ணி" என்றான். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினான்.

அதற்கு மேல் எழுத வேண்டாம். இரண்டு பேரையும் தீயணைப்புக்காரர்கள் வந்து எடுத்தார்கள். தபரேஸ் கை அந்த ஆளின் சட்டைக் காலரைப் பிடித்தபடி இருந்தது. அவர் பெயர்கூட எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. செல்வநாதனாம், கைத்தறி நெய்கிறவராம், தறி ஓடாத நாட்களில் இந்த மாதிரி வேலைக்கு வருவாராம்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். மாடி ஜன்னலிலிருந்து கோபி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். என்னைத் தாண்டிப் போனான். அன்றிலிருந்து தபரேஸ் வீட்டு வாசலில்தான் படுக்கிறான். இரண்டு நாள் முன்பு துணி எடுக்க வந்தான். நான் சாப்பாடு போட்டேன், தொடவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னான்: "நீங்க பூட்டாம இருந்திருந்தா நான் செத்திருப்பேன் அண்ணி. அது எனக்குத் தெரியும். ஆனா அவன் இருந்திருப்பான்." கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. கணக்குச் சொல்வது மாதிரி சொன்னான். அவனைப் பூட்டினால் வேலை நின்றுவிடும் என்று நினைத்தேன். வேறு ஒருவனைக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

லீவு நாளில் அவர்களாகவே உள்ளே வந்து இறங்கிவிட்டார்கள், கம்பெனிக்கு எதுவும் தெரியாது என்று கம்பெனியில் போலீசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு மேனேஜர் நம் வீட்டுக்கு வந்தது அதற்காகத்தான். வாட்ச்மேன் அப்படியே சொல்ல ஒப்புக்கொண்டுவிட்டார். ஓடிப்போன குடியாத்தத்துக்காரர் எங்கே என்று தெரியவில்லை. மிச்சம் இருப்பது நான். "நீ அன்னைக்கு கோயில்ல இருந்தேம்மா, யாரு கேட்டாலும் அப்படித்தான சொல்லுவே" என்றார். அப்புறம் சுவரில் இருக்கும் உங்கள் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெளிநாடு, நமக்குப் பழக்கமில்லாத சட்டம், ஜீவா ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். அந்த நேரத்தில்தான் உங்கள் போன் வந்தது.

இத்தா முடிகிற வரைக்கும், நாலு மாதம் பத்து நாள், வெளியே வரக் கூடாத சகீனா, போன வியாழக்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு பின்பக்கமாக நம் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. "அக்கா, நீங்க பாத்தீங்க இல்ல? ஆர்டிஓ விசாரணையில வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். உங்களைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கறுத்த சிலுவையை முந்தானையால் தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "போ. ஆனா முதல்ல என் மகன் கிட்ட சொல்லிட்டுப் போ" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கம் வராத ஒரு பகலில் லேப்டாப்பைத் திறந்து படங்களையெல்லாம் மறுபடி அடுக்கினேன். மூன்றாவது வந்துவிட்டது. நீளமாக, நடுவில் தூசிக்கோடு ஓட, இரண்டு ஓரமும் விரிந்து. நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. தொட்டிக்குப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். பைப்பில் தண்ணீர் மறுபடி விழ ஆரம்பித்திருக்கிறது.

விசாரணை ஏப்ரல் பதிமூன்றாம் தேதி. அதற்கு முன் இந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கும். படித்ததும் முதல் வேலையாக ஆபீஸ் பீரோவில் அவர்கள் பூட்டி வைத்திருக்கும் உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கிவிடுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், இருமல் இன்னும் நிற்காததால் அது பொய்யும் இல்லை. வாங்கிய பிறகு அந்த அறையில் தங்க வேண்டாம். முக்தார் அகமது தன் இடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். அவரை நம்பலாம்.

போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டால், அங்கே வானம் தெளிவாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். எனக்குப் புரிந்துவிடும். அந்த வார்த்தை வராவிட்டாலும் நான் பதிமூன்றாம் தேதி போவேன். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், அதற்குள் எப்படியாவது சொல்லிவிடுங்கள்.

மாதா உங்களைக் கைவிட மாட்டாள்.

உங்கள்
பிரிசில்லா